வீடு கட்டியவனுக்கு வரி. வெறும் மனைக்குச் சலுகையா?

(தூத்துக்குடிப் பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)



"வரியைப் பற்றிப் பேசப் போகிறீரா? பாதிக் கூட்டம் எழுந்து போய்விடும்!" என்று மேடையேறும் முன் நண்பரொருவர் என்னை எச்சரித்தார். எவரும் எழுந்து போகவில்லை. என் நாவன்மை அதற்குக் காரணமன்று. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தூத்துக்குடி மக்கள். 2023 டிசம்பரில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து, கட்டிலின் மேல் கட்டிலை அடுக்கி, குழந்தைகளை அதன்மேல் உட்கார வைத்துப் பொழுது விடியக் காத்திருந்தவர்கள். ஏன் இந்த நிலை வந்தது என்று எவர் பேச முன்வந்தாலும் அவர்கள் கேட்பார்கள். வெள்ளத்திற்கும் வரிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். அந்தத் தொடர்பைக் காட்டுவதே இந்த உரையின் நோக்கம்.

விலகிப் போகும் ஊர்

இந்தக் கடற்கரைக்கு ஒரு விந்தை வரலாறு உண்டு. இங்கே ஊர்கள் ஓரிடத்தில் நிலைத்து நின்றதில்லை. பாண்டியரின் முத்துத் துறையாகக் கொற்கை கொடிகட்டிப் பறந்த காலம் ஒன்று இருந்தது. தாமிரவருணி கொண்டுவந்து கொட்டிய மண் கரையை வளர்த்தது, கடல் விலகிற்று, கொற்கை இன்று கடலைக் காணாத சிற்றூர். அடுத்துக் காயல் தலையெடுத்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ அதன் வளத்தைக் கண்டு எழுதி வைத்தார். அதற்கும் கொற்கைக்கு நேர்ந்த கதியே நேர்ந்தது. அதற்குப் பிறகுதான் தூத்துக்குடி பெருந்துறையாக நிமிர்ந்தது.

அன்று கடல் விலகியதால் ஊர் இடம் பெயர்ந்தது. இன்று கடல் விலகவில்லை. ஆனாலும் ஊர் விலகிக்கொண்டிருக்கிறது. தன் நடுவீதியைக் காலியாக விட்டுவிட்டு, உப்பளத்தின் மீதும், வாழைத் தோட்டத்தின் மீதும், குளத்தின் நீர்ப்பிடிப்பின் மீதும் ஏறி, எட்டுத் திசையிலும் கால் பரப்பிக்கொண்டிருக்கிறது.

1866இல் நகராட்சியாகத் தொடங்கிய ஊர் இது. 1974இல் பெருந்துறைமுகம் என்ற தகுதி கிடைத்தது. உரத் தொழிற்சாலை வந்தது. அனல் மின் நிலையம் வந்தது. புதிய துறைமுகம் தெற்கே அமைந்ததால் ஊரும் தெற்கே நீண்டது. 2008இல் மாநகராட்சி ஆயிற்று. அண்டையிலிருந்த ஊர்களையும் சேர்த்துக்கொண்டு இன்று ஏறத்தாழ 90 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் 60 வட்டங்களாக விரிந்து கிடக்கிறது. 2011 மக்கட்தொகைக் கணக்கின்படி நகரில் மட்டும் 2,37,830 பேர். ஒட்டியுள்ள புறநகரையும் சேர்த்தால் நான்கு லட்சத்துக்கு மேல்.

ஊர் வளர்வது குற்றமா? அன்று! துறைமுகம் வளர்ந்தால் தொழிலாளி வருவான். தொழிலாளி வந்தால் வீடு வேண்டும். வீட்டுக்கு நிலம் வேண்டும். வளர்ச்சியை வேண்டாமென்பவன் நானல்லன். அது எவ்வகையில் வளர்கிறது என்பதே என் கேள்வி.

ஒரு மாலைப் பொழுதில் என்னோடு நடந்து வாருங்கள். பனிமய மாதா பேராலயத்தின் வாயிலில் புறப்படுவோம். கிரேட் காட்டன் சாலை வழியே மேற்கு நோக்கி நடப்போம். பெயரே சொல்லும், பருத்தி வாணிகம் செழித்த பாதை அது. பழைய கிட்டங்கிகள் கண்ணில் படும். பூட்டிய கதவு, புல் முளைத்த கூரை, சுவருக்குள் ஆளில்லா அகன்ற நிலம். இன்னும் நடந்தால் இரண்டு மாடிக் கட்டடத்திற்கும் மூன்று மாடிக் கட்டடத்திற்கும் இடையே முட்செடி மண்டிய மனை. அதற்கு எதிரில் தெருவிளக்கு எரிகிறது, குடிநீர்க் குழாய் போகிறது, மின்கம்பம் நிற்கிறது. எல்லா வசதியும் உண்டு, ஆள்தான் இல்லை!

அங்கிருந்து பாளையங்கோட்டைச் சாலையிலோ எட்டையபுரம் சாலையிலோ ஊருக்கு வெளியே போங்கள். வண்ணக் கொடிகள் பறக்கும். எல்லைக் கற்கள் வரிசையாக நிற்கும். "மனைகள் விற்பனைக்கு" என்று பலகை அழைக்கும். நூறு மனையில் ஐந்தாறு வீடு. தெருவிளக்கு இல்லை, வடிகால் இல்லை, குழாய் இல்லை. ஆனால் ஆள் இருக்கிறார்கள்!

வசதி உள்ள இடத்தில் ஆள் இல்லை. ஆள் உள்ள இடத்தில் வசதி இல்லை. இதற்கு வளர்ச்சி என்று பெயரா, சிதறல் என்று பெயரா? நீங்களே முடிவு செய்யுங்கள்.

குழாயின் கணக்கு

இந்த ஊர் ஒரு காலத்தில் குடிநீருக்குத் தவித்த ஊர். கடல் எதிரில் அலை வீசும். குடிக்க ஒரு குவளை நல்ல நீர் இராது. நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து, தாமிரவருணியின் நீரை வல்லநாட்டிலிருந்து குழாய் வழியே கொண்டுவரப் பாடுபட்டார். 1927இல் அந்த நீர் ஊருக்குள் வந்தது. இன்றும் அவர் பெயரை இவ்வூரார் நன்றியோடு சொல்வதற்கு அதுவே காரணம்.

ஆற்றிலிருந்து ஊர் எல்லை வரை நீரைக் கொண்டுவரும் செலவு ஒன்று. ஊருக்குள் வீடு வீடாகக் கொண்டு சேர்க்கும் செலவு மற்றொன்று. முன்னதை நாம் கணக்கிடுகிறோம். பின்னதை மறந்துவிடுகிறோம். ஒரு தெருவில் வீட்டோடு வீடு ஒட்டி இருபது வீடுகள் இருந்தால் ஒரு குழாய் இருபது குடும்பத்திற்கு நீர் தரும். அதே நீளத்தில் மூன்று வீடும் பதினேழு காலி மனையும் இருந்தால், அதே குழாய் மூன்று குடும்பத்திற்கு மட்டுமே பயன்படும். குழாய் காலி மனையைத் தாண்டிக் குதிக்காது! வடிகாலும் குதிக்காது, சாலையும் குதிக்காது, குப்பை வண்டியும் குதிக்காது. காலி மனையைக் கடக்கும் ஒவ்வோர் அடிக்கும் எவரோ ஒருவர் பணம் கொடுத்தே ஆக வேண்டும். அந்த எவரோ யார்? காலி மனைக்காரரா? அல்லர். வீடு கட்டிக் குடியிருந்து, வரி செலுத்தும் நீங்கள்!

பிசிராந்தையார் என்னும் புலவர், பாண்டியன் அறிவுடைநம்பிக்கு வரி பற்றிச் சொன்ன அறிவுரை புறநானூற்றில் உண்டு. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு வயலும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானையே வயலில் புகுந்துவிட்டால் அது தின்பது கொஞ்சம், மிதித்து அழிப்பது மிகுதி என்பது அதன் கருத்து. வரி வாங்குவோர்க்குச் சொன்ன அந்த உவமையை நான் இன்று ஊருக்கே சொல்கிறேன். திட்டமின்றிப் பரவும் நகரமும் வயலில் புகுந்த யானைதான். அது குடியிருக்க எடுத்துக்கொள்ளும் நிலம் கொஞ்சம். மிதித்துப் பாழாக்கும் நிலம் மிகுதி. ஏக்கர் கணக்கில் மனையாகப் பிரித்து, உழவும் நிறுத்தி, உப்பு விளைச்சலும் நிறுத்தி, வீடும் கட்டாமல் வெறுமனே கிடக்கும் மண்ணைப் பாருங்கள். அது யானை மிதித்த வயலல்லாமல் வேறென்ன?

மழை படித்த பாடம்

மிதிபட்டது மண் மட்டுமா? மனிதரும் மிதிபட்டனர். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரவருணி கரைபுரண்டது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. ஊரே தீவாயிற்று.

அத்தனை மழையை எந்த ஊரும் தாங்காது என்பது உண்மை. வானத்தின் மீது வழக்குத் தொடுக்க முடியாது. ஆனால் வானத்தின் மீதே எல்லாப் பழியையும் போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்வதும் முறையன்று. கோரம்பள்ளம் குளம் என்பது என்ன? திருவைகுண்டம் அணையிலிருந்து வரும் வடகால் நீர் கடைசியாக வந்து சேரும் குளம் அது. அதற்குக் கீழே நிலம் கடலை நோக்கிச் சரிகிறது. நீர் வழிந்தோடும் பாதை அது என்று உழவனுக்குத் தெரியும். உப்பளத் தொழிலாளிக்குத் தெரியும். மனைக்கல் நட்டவனுக்கும் தெரியாமலிருக்குமா? தெரிந்தும் நட்டான். அங்கேதான் நிலம் மலிவு!

துறைமுகத்தில் பணிபுரியும் தோழரொருவர், வெள்ளம் வடிந்த சில நாட்களில் என்னிடம் சொன்னார்: "ஐயா, ஊருக்குள்ள அரை சென்ட் வாங்க எனக்கு ஏலாது. இங்க மூணு சென்ட் வாங்கினேன். தண்ணி வரும்னு தெரியும். இவ்வளவு வரும்னு தெரியாது." அவர் அறியாமையால் பள்ளத்தில் வீடு கட்டவில்லை, ஏழ்மையால் கட்டினார். மேட்டு நிலமோ பூட்டிய கிட்டங்கியாகவும் முள் மண்டிய மனையாகவும் ஊர் நடுவே உறங்குகிறது. அந்த உறக்கத்திற்கு நாம் கொடுக்கும் தாலாட்டுத்தான், நண்பர்களே, இப்போதுள்ள வரி முறை!

யாருக்கு வரி? யாருக்குச் சலுகை?

நம் மாநிலத்தில் நகர்ப்புறச் சொத்து வரியின் கனம் பெரும்பாலும் கட்டடத்தின் மீதே விழுகிறது. எத்தனை சதுர அடி கட்டினாய், எந்தப் பகுதியில் கட்டினாய், குடியிருக்கவா கடை வைக்கவா, இவையே கேள்விகள். கட்டாமல் போட்டு வைத்தவனுக்குக் காலிமனை வரி என்று ஒன்று உண்டு. கட்டடத்தின் வரியோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிது.

2022 ஏப்ரலில் தமிழ்நாடெங்கும் சொத்து வரி உயர்த்தப்பட்டது. சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 25 விழுக்காடு, 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு என்று உயர்வு அமைந்தது. சிறு வீட்டுக்காரனுக்குக் குறைவாகவும் பெரு வீட்டுக்காரனுக்கு மிகுதியாகவும் வைத்தது நல்ல நோக்கம். அதை நான் குறை கூறேன். ஆனால் அளவுகோல் எதுவென்று பாருங்கள். கட்டடத்தின் அளவு! பெரிய மனையில் சிறு கொட்டகை போட்டு நிலத்தை முடக்கி வைத்திருப்பவன் சிறு வீட்டுக்காரன் ஆகிறான். சிறு மனையில் மூன்று மாடி எழுப்பி நான்கு குடும்பத்துக்கு இடம் தருபவன் பெரு வீட்டுக்காரன் ஆகிறான். எவன் ஊருக்கு உதவினானோ அவன் மீது பெரும் சுமை!

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு தெருவில் ஐந்து ஐந்து சென்டாகப் பத்து மனைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மனையில் வீடு. நான்கு மனை காலி. அந்தத் தெருவிலிருந்து ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரி வர வேண்டும். இப்போதைய போக்கில் வீடு ஒன்றுக்கு 4,500 வீதம் ஆறு வீட்டுக்கு 27,000. காலி மனை ஒன்றுக்கு 750 வீதம் நான்கு மனைக்கு 3,000. இது நான் எடுத்துக்காட்டாகப் போட்ட கணக்கு; போக்கைப் புரிந்துகொள்ளப் போதும்.

இதையே மாற்றிப் போடுவோம். 30,000 ரூபாயில் பாதியை நிலத்தின் மீது வைப்போம். பத்து மனைக்கும் சமமாக, மனைக்கு 1,500. மீதிப் பாதியைக் கட்டடத்தின் மீது வைப்போம். ஆறு வீட்டுக்கும், வீட்டுக்கு 2,500. வீட்டுக்காரன் மொத்தம் கட்டுவது 4,000. முன்னதைவிட 500 குறைவு. காலி மனைக்காரன் கட்டுவது 1,500. முன்னதைப் போல் இரு மடங்கு. நகராண்மைக்கு வர வேண்டிய பணத்தில் ஒரு காசும் குறையவில்லை. குடியிருப்பவன் சுமை குறைந்தது. காத்திருப்பவன் சுமை கூடியது.

அடுத்து என்ன நடக்கும்? ஆண்டுதோறும் வரி கட்டிக்கொண்டு நிலத்தைச் சும்மா வைத்திருப்பது வீண் என்று காலி மனைக்காரன் எண்ணுவான். கட்டுவான், அல்லது கட்டுபவனிடம் விற்பான். கட்டினால் வரி ஏறுமோ என்ற அச்சமும் குறையும். ஊர் நடுவே வீடு எழும். வாடகைக்கு இடம் கிடைக்கும். துறைமுகத் தோழர் பள்ளத்தைத் தேடிப் போக வேண்டிய கட்டாயம் தளரும். நிலத்தின் மீது போட்ட வரி, நிலத்தைத் தூக்கத்திலிருந்து எழுப்பும்!

முத்துக் குவியலின் நீதி

இது மேலைநாட்டுப் புதுமை என்று சிலர் முகம் சுளிக்கலாம். அமெரிக்க நாட்டு ஹென்றி ஜார்ஜ் 1879இல் எழுதிய "முன்னேற்றமும் வறுமையும்" என்னும் நூலில் நிலத்தின் மதிப்பின் மீதே வரி வேண்டும் என்று முழங்கியது உண்மை. ஆனால் அந்த நீதியின் ஒரு சாயலை இந்தக் கடற்கரை அவருக்கு முன்பே கண்டதுண்டு.

முத்துச் சலாபத்தை நினைவுகூருங்கள். 1961க்குப் பிறகு அரசு நடத்தும் முத்துக்குளிப்பு இங்கே நடைபெறவில்லை. இளையோர் கண்டிருக்க மாட்டார்கள். கடலடியில் சிப்பி விளையும் திட்டுக்குப் பார் என்று பெயர். எந்தப் பாரில் எப்போது குளிக்கலாம் என்பதை அரசு ஆராய்ந்து அறிவிக்கும். முதிராத சிப்பியைத் தொட விடமாட்டார்கள். குளித்து எடுத்த சிப்பியைக் கரையில் மூன்று குவியலாகப் பிரிப்பர். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளை அரசு அதில் இரண்டு குவியலை எடுத்துக்கொண்டு, ஒன்றைக் குளித்தவர்க்குத் தந்தது.

மூச்சடக்கி உயிரைப் பணயம் வைத்தவனுக்கு ஒரு பங்கு. கரையில் நின்றவனுக்கு இரண்டு பங்கு! அந்தப் பங்கீடு கொடுமை. அதை நான் புகழவில்லை. ஆனால் அதன் அடியில் ஒரு கருத்து இருந்தது. முத்தை விளைவித்தது கடல். கடல் எவன் தனியுடைமையும் அன்று. ஆகவே விளைவில் பொதுவுக்கு ஒரு பங்கு உண்டு என்பதே அந்தக் கருத்து. அந்தக் கருத்தை அன்று உழைப்பவன் தலையில் தவறாக ஏற்றினார்கள். நாம் அதை உழைக்காமல் வந்த ஆதாயத்தின் மீது சரியாக ஏற்ற வேண்டும்.

நில மதிப்பு எப்படி உயர்கிறது? 2025 ஜூலையில் வாகைக்குளம் விமான நிலையத்தின் புதிய முனையம் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சில்லாநத்தம் சிப்காட்டில் வின்பாஸ்ட் நிறுவனத்தின் மின்கார் ஆலை திறக்கப்பட்டது. இத்தகைய செய்தி வந்த மறுநாளே அக்கம்பக்கத்து மனைக்காரர் விலை கூட்டிச் சொல்வது உலக வழக்கம். அவர் ஒரு செங்கல் எடுத்து வைத்தாரா? ஒரு கூடை மண் சுமந்தாரா? இல்லை. சாலை பொதுப் பணம். விமான நிலையம் பொதுப் பணம். ஆலையை ஈர்த்தது பொது முயற்சி. ஊர் உழைத்து ஏற்றிய மதிப்பு அது. கடலில் விளைந்த முத்துப் போல ஊரில் விளைந்த முத்து! அதில் ஊருக்குப் பங்கு கேட்பது கொள்ளையா? மாறாக, ஒருவன் தன் வியர்வையால் எழுப்பிய சுவரின் மீது வரி போட்டு, ஊரார் வியர்வையால் ஏறிய நிலவிலையைத் தொடாமல் விடுவதுதானே அநீதி?

பிட்ஸ்பர்க் கற்பிப்பது

இந்த முறையை நெடுங்காலம் நடத்திப் பார்த்த ஊரும் உண்டு. அமெரிக்காவின் எஃகு நகரமான பிட்ஸ்பர்க்கில், 1913இல் இயற்றிய சட்டத்தின்படி, கட்டடத்தின் வரி வீதத்தைப் படிப்படியாகக் குறைத்து நிலத்தின் வீதத்தில் பாதியாக்கினர். பல பத்தாண்டுகள் அது நடந்தது. 2001இல் அதைக் கைவிட்டனர். காரணம், நில மதிப்பைக் காலந்தோறும் ஒழுங்காகத் திருத்தாமல் விட்டுவிட்டு, ஒரே வீச்சில் திருத்தியபோது மக்கள் மீது திடீர்ச் சுமை விழுந்தது, கொதிப்பு எழுந்தது. அதே மாநிலத்து ஹாரிஸ்பர்க் நகரம் 1975 முதல் நிலத்துக்குக் கூடுதல், கட்டடத்துக்குக் குறைவு என்னும் முறையைக் கைக்கொண்டது.

இதிலிருந்து நமக்குப் பாடம் என்ன? மதிப்பீடு நாணயமாகவும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகவும் நடக்க வேண்டும். நமக்கு அது இயலாததன்று. ஒவ்வொரு தெருவுக்கும் வழிகாட்டி மதிப்பு என்று பதிவுத் துறை ஏற்கெனவே வைத்திருக்கிறது. பத்திரம் பதியும்போது அந்த மதிப்பைக் காட்டிக் கட்டணம் வாங்க முடிகிற அரசுக்கு, வரி போடும்போது மட்டும் அந்த ஏடு கண்ணில் படாதா?

எதிர்ப்போர் கேள்விகள்

"ஊர் நடுவே பழைய வீட்டில் வாழும் ஏழை விதவைக்கு நிலம் பெரிது, வருவாய் இல்லை. அவளைத் துரத்தப் போகிறீரா?" என்று கேட்பர். நேர்மையான கேள்வி, மழுப்பக் கூடாது. திரேஸ்புரத்து மீனவர் குடிசையும், பழைய தெருக்களில் மூதாட்டியர் வாழும் ஓட்டு வீடும் இந்த வரியால் ஆட்டம் காணுமெனில் அந்த வரியே வேண்டாம் என்பேன். ஆகவே சிறு மனைக்கு விலக்கு வேண்டும். தானே குடியிருக்கும் வறியோர்க்கு வரியை ஒத்தி வைத்து, நிலம் விற்கப்படும் நாளில் வாங்கிக்கொள்ளும் வழி வேண்டும். நம் குறி குடியிருப்போர் மீதன்று. பூட்டி வைத்திருப்போர் மீது.

"காலி இடத்தையெல்லாம் கட்டடமாக்கினால் ஊர் மூச்சு விடுமா? மழைநீர் எங்கே போகும்?" என்று கேட்பர். இதுவும் நல்ல கேள்வியே. குளம், ஓடை, பூங்கா, விளையாட்டுத் திடல் இவை காலி இடங்கள் அல்ல. இவை ஊரின் நுரையீரல்கள். பக்கிள் ஓடையைச் சுருக்கி வீடு கட்டச் சொல்பவன் நானல்லன். உப்பு விளையும் வரை உப்பளமும், பயிர் விளையும் வரை வயலும் தொழில் நிலமாகவே கருதப்பட வேண்டும். அவற்றின் மீது மனை மதிப்பில் வரி போட்டால், நாம் காப்பாற்ற நினைத்ததை நாமே கொன்றவர் ஆவோம். குஜராத்துக்கு அடுத்தபடி நாட்டுக்கு உப்பளிக்கும் மண் இது. ஆனால் உப்பளத்தை மனையாக மாற்றும் நாளில், அங்கே சாலையும் குழாயும் வடிகாலும் போட ஆகும் முழுச் செலவையும் மாற்றியவரிடம் வாங்க வேண்டும். மனை விற்ற ஆதாயம் ஒருவருக்கு, வடிகால் போடும் செலவு ஊருக்கு என்னும் வழக்கம் ஒழிய வேண்டும்.

"மாநகராட்சியில் வரி கூடினால் எல்லையைத் தாண்டி ஊராட்சிக்குப் போய்விடுவார்களே!" என்பது மூன்றாவது கேள்வி. கட்டடத்தின் மீது வரி கூடினால் அப்படித்தான் போவார்கள். இப்போது போவதற்கும் அது ஒரு காரணம். எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு வரி, மாப்பிள்ளையூரணிப் பக்கம் வேறொரு வரி என்றிருந்தால், ஊர் எல்லைக் கல்லைத் தாண்டியே வளரும். ஆகவே நகரமும் அதை ஒட்டிய ஊராட்சிகளும் ஒரே திட்டப் பகுதியாக, ஒரே கொள்கையின் கீழ் வர வேண்டும். வசதி குறைந்த இடத்துக்கு வரி குறைவு என்பது நியாயமே. ஆனால் வசதியே வர முடியாத பள்ளத்தில் மனை போட விட்டுவிட்டு, வரி குறைவு என்று ஆறுதல் சொல்வது நியாயமாகாது.

அங்கீகாரமற்ற மனைகளின் கதை நமக்குப் புதிதன்று. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தது. 2017இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. வாங்கிவிட்ட ஏழைக்கு வழி விட வேண்டியிருந்தது, உண்மை. ஆனால் முதலில் மீறல், பிறகு தடை, பிறகு மன்னிப்பு என்று எத்தனை முறை சுற்றி வருவது? சட்டம் கதவை அடைக்கும். விலை வேறு கதவைத் திறந்துவிடும். விலையைத் திருத்தாமல் சட்டத்தை மட்டும் நம்பினால், ஓட்டைப் படகில் நீர் இறைக்கும் கதைதான்.

நாம் கேட்பது

நிலத்தின் மீதும் கட்டடத்தின் மீதும் வரி விதிக்கும் அதிகாரம் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 49ஆம் இனமாகத் தெளிவாக இருக்கிறது. இதற்காக நாம் டில்லி வாயிலில் காத்து நிற்க வேண்டியதில்லை. 1998இல் இயற்றப்பட்டு 2023இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் நம் சட்டமன்றத்தின் கையில் இருக்கிறது. திருத்தினால் திருந்தும்.

மூன்றே கோரிக்கைகள். ஒன்று: சொத்து வரியை நிலத்துக்கு ஒன்று, கட்டடத்துக்கு ஒன்று என இரண்டாகப் பிரித்துக் காட்டுக, ஆண்டுதோறும் சிறிது சிறிதாக, மொத்தத் தொகையைக் கூட்டாமல், கட்டடத்திலிருந்து நிலத்துக்கு மாற்றுக. இரண்டு: விளைநிலத்தையும் உப்பளத்தையும் மனையாக்குவோரிடம் வசதிகளின் முழுச் செலவையும் முன்கூட்டியே பெறுக, நீர்வழியில் மனைக்கு இடமே அளிக்காதிருக்க. மூன்று: சிறு மனையோர்க்கும், குடியிருக்கும் வறியோர்க்கும் முழுக் காப்பு அளிக்க.

வரி என்பது கருவூலத்தை நிரப்பும் உண்டியல் மட்டுமன்று. ஊர் எந்தத் திசையில் நடக்க வேண்டும் என்று கைகாட்டும் மரமும் அதுவே. இன்று அந்தக் கை பள்ளத்தை நோக்கிக் காட்டுகிறது. "அங்கே போ, அங்கே மலிவு" என்கிறது. போனவர்கள் 2023இல் என்ன ஆனார்கள் என்று நாம் கண்டோம்.

கூட்டம் முடிந்ததும் அந்தத் துறைமுகத் தோழர் வந்து என் கையைப் பற்றினார். "ஐயா, நீங்க சொல்றது நடந்தா எனக்கு ஊருக்குள்ள இடம் கிடைக்குமா?" என்று கேட்டார். "உங்களுக்குக் கிடைக்குமென்று உறுதி சொல்ல என்னால் இயலாது, உங்கள் மகனுக்குக் கிடைக்கும் நிலையை உண்டாக்கலாம்" என்றேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அடுத்த மழைக்குள்ள ஆரம்பிச்சாச் சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருடைய அந்தச் சொல்லை உங்களிடம் ஒப்படைக்கிறேன், வாசக நண்பர்களே. உங்கள் வட்டத்து உறுப்பினர் வாக்குக் கேட்டு வரும்போது, "எங்கள் தெருவில் எத்தனை மனை காலி? அதற்கு எவ்வளவு வரி? என் வீட்டுக்கு எவ்வளவு வரி?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். விடை அவருக்குத் தெரியாவிட்டால் தெரிந்துகொண்டு வரச் சொல்லுங்கள். அடுத்த மழை நமக்காகக் காத்திராது.